கேட்டீர்கள், எழுதுகிறேன்: பேகன் நூல்களை எதைக்கொண்டு நிறுப்பது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: ஐயா, சென்ற மாதம் மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் விக்கா சமயம் பற்றிய மூன்று ஆங்கில நூல்களை வாங்கினேன். இச்சமயம் கற்காலத்திலிருந்து அறுபடாமல் வருகிறது என்கிறது ஒன்று. கடந்த நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவானது என்கிறது இன்னொன்று. மூன்றாவது நூல் வரலாற்றைப் பற்றி வாயே திறக்காமல், மூலிகையும் மெழுகுவர்த்தியுமாகப் போகிறது. அம்மாவோ மூன்றையும் ‘சூனியப் புத்தகம்’ என்று சொல்லி அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டார். நவீன பேகன் எழுத்தாளர்களில் யார் நேர்மையானவர், எந்த நூல் பெறுமதியானது என்று எப்படி அறிந்துகொள்வது?

பதில்: முதலில் அம்மாவின் தீர்ப்புக்கு ஒரு சிறு திருத்தம். அவை ஒருவருக்குச் செய்வினை வைப்பது எப்படி என்று சொல்லித்தரும் நூல்கள் அல்ல; கிறிஸ்தவத்துக்கு முந்திய ஐரோப்பியத் தெய்வங்களையும் நிலவையும் பருவங்களையும் போற்றுகின்ற விக்கா என்ற புதிய பேகன் சமயத்தாரின் நூல்கள். பேகன் என்றதும் மயிலுக்குப் போர்வை ஈந்த நம் வள்ளலை நினைத்துவிட வேண்டாம். நாட்டுப்புறத்தான் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த, மற்றவர்கள் இகழ்ச்சியாக இட்ட பெயர் அது. இன்று அவர்கள் அதைத் தாமே விரும்பிச் சூடிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று நூல்களில் வரலாற்றைச் சரியாகச் சொல்வது எது என்றால், இரண்டாவதுதான். ஆனால் அதனாலேயே மற்ற இரண்டும் குப்பை என்று ஆகிவிடாது. ஒரு சமயம் நேற்றுப் பிறந்தது என்பது அதற்கு இழுக்கல்ல. நேற்றுப் பிறந்ததை நேற்றைக்குத்தான் பிறந்தது என்று அதன் ஆசிரியர் ஒப்புக்கொள்கிறாரா என்பதே நான் பார்ப்பது. தான் பெற்றது எது, பிறரிடம் எடுத்தது எது, தானே ஆக்கியது எது என்று வாசகருக்குப் பிரித்துக் காட்டுகிறவரை நம்பலாம்.

கற்காலக் கதை ஊரெங்கும் பரவியதற்குப் பெரிதும் காரணமானவர் மார்கரெட் மரே என்ற எகிப்தியவியலாளர். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் சூனியக்காரர் என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் ஒரு தொல்பழஞ் சமயத்தின் அடியார்கள் என்று அவர் 1921இல் ஒரு நூலில் வாதிட்டார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 1929ஆம் ஆண்டுப் பதிப்பில் சூனியம் பற்றிய கட்டுரையை எழுதியவரும் அவரே என்பதால், அந்த வாதம் நூலகந்தோறும் உண்மையென்றே அடுக்கி வைக்கப்பட்டது. 1975இல் நோர்மன் கோன் என்ற வரலாற்றாசிரியர், மரே எடுத்தாண்ட விசாரணைப் பதிவுகளை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். மேற்கோளின் நடுவே மரே எதையெல்லாம் விட்டிருந்தார் தெரியுமா? காற்றில் பறந்தோம், விலங்காக உருமாறினோம் என்பன போன்ற, நடக்கவே முடியாத வாக்குமூலங்களை. அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஏதோ ஊர்ச் சங்கத்தின் கூட்ட அறிக்கைபோல நம்பத்தகுந்ததாகத்தான் தோன்றும். ஆகவே ஒரு நூலில் மேற்கோளுக்குள் மூன்று புள்ளிகள் அடிக்கடி வந்தால், அந்த இடத்தில் சற்று நின்று பாருங்கள்.

அடுத்தவர் ஜெரால்ட் கார்ட்னர். விக்காவை உலகறியச் செய்தவர் அவர்தான். இங்கிலாந்தில் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் அவருடைய ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ மரேயின் முன்னுரையோடு வெளிவந்தது. நியூ ஃபொரஸ்ட் வட்டாரத்தில் எஞ்சியிருந்த ஒரு குழுவில் தாம் 1939இல் தீட்சை பெற்றதாக அவர் சொல்லிவந்தார். ஆனால் நூலிலோ, வெளியிலிருந்து வந்து பார்த்த ஒரு மானிடவியலாளரைப் போலப் பேசுகிறார். பெயருக்கு முன்னால் டொக்டர் பட்டத்தையும் போட்டுக்கொண்டார். அந்தப் பட்டத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று பின்னாளில் எழுதியவர் எதிராளி யாருமல்லர். அவருடைய சொந்தப் பூசகியாக இருந்த டொரீன் வலியென்டே.

இந்த வலியென்டே பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்ட நேர்மைக்கு இத்துறையில் நான் அறிந்த நல்ல உதாரணம் அவர். 1953இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்றார். பழமையானவை என்று கார்ட்னர் கொடுத்த சடங்கு ஏட்டைப் படித்தபோது, அதில் பல வரிகள் அலிஸ்டர் குரோலி என்ற, அப்போது இறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த மாந்திரிக எழுத்தாளருடையவை என்று கண்டுபிடித்தார். குரோலியை அவர் முன்பே படித்திருந்தார். நேரில் கேட்டார். தமக்குக் கிடைத்தவை துண்டு துணுக்குகளே என்றும், இடைவெளியைத் தாம்தான் நிரப்பியதாகவும் கார்ட்னர் ஒப்புக்கொண்டு, முடிந்தால் நீயே திருத்தி எழுது என்று விட்டுவிட்டார். வலியென்டே திருத்தி எழுதினார். இன்று உலகெங்கும் விக்காவினர் ஓதும் ‘தேவியின் ஆணை’ அவர் கையால் உருப்பெற்றது. பிறகு 1989இல் வெளியிட்ட தம் நூலில், எந்தப் பகுதி எங்கிருந்து வந்தது, எது தம்முடையது என்றெல்லாம் மறைக்காமல் எழுதிவைத்தார். பழம் ஏட்டில் உள்ளது என்று அவர் வாய் மூடி இருந்திருந்தால் யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

அவரைப் பற்றி இன்னொன்றும் உண்டு. இது ஐயப்படுகிறவர்களுக்கு உரியது. தமக்குத் தீட்சை தந்த குழுவைச் சேர்ந்தவராகக் கார்ட்னர் குறிப்பிட்ட ‘முதிய டொரத்தி’ என்ற பெண்மணி வெறும் கற்பனை என்று ஓர் ஆய்வாளர் எழுதியபோது, வலியென்டே 1980இல் பதிவேடுகளைத் தேடத் தொடங்கினார். டொரத்தி கிளட்டர்பக் என்ற பெண் 1880இல் வங்காளத்தில் பிறந்து 1951இல் இங்கிலாந்தில் இறந்தமைக்கான சான்றுகள் கிடைத்தன. ஆகவே கற்பனை என்று கையை வீசியவரும் தவறினார். ஆனால் அப்படி ஒரு பெண் இருந்தார் என்பது, அவர் ஒரு தொல்சமயத்தின் பூசகியாக இருந்தார் என்பதற்குச் சான்றாகிவிடாது. பிறப்புச் சான்றிதழில் சமயத் தீட்சை பதியப்படுவதில்லை அல்லவா? இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மறக்காத நூலே வாசிக்கத்தக்கது. பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன் (மலையகத்து ஹட்டனுக்கும் இவருக்கும் தொடர்பில்லை) 1999இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாகக் கொண்டுவந்த ‘த ட்ரையம்ஃப் ஒஃப் த மூன்’ அத்தகையது. நவீன பேகன் சூனியம் 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம் என்று அதில் நிறுவியவர், அதற்காக அதன் அடியார்களை எங்கும் எள்ளவில்லை. 2019இல் அதே நூலைத் திருத்திப் புதுப்பித்து வெளியிட்டார்.

திருத்தம் என்றதும் என் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. பல ஆண்டுகளுக்கு முன், இதே பகுதியில், ஐரோப்பாவில் 90 இலட்சம் பெண்கள் சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்டார்கள் என்று எழுதினேன். மருதானையில் வாங்கிய, போட்டோக்கொப்பி எடுத்துக் கட்டிய ஒரு நூலில் அப்படி இருந்தது. கொப்பி எடுத்தவர் காசு மிச்சம் பிடிக்கக் கடைசியிலிருந்த குறிப்புப் பக்கங்களை விட்டுவிட்டார். நானும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டை போட்டு, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தேடிப் போனால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் க்வெட்லின்பர்க் நகரில் வாழ்ந்த ஃபொய்க்ட் என்பவர், தம் ஊர்ப் பதிவேட்டிலிருந்த சில பத்து வழக்குகளை வைத்துக்கொண்டு, ஐரோப்பா முழுமைக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கிக் கணக்கிட்டு, 94,42,994 என்று ஒற்றை ஆள் பிசகாமல் எழுதிவைத்திருக்கிறார். பின்வந்தவர்கள் அதை 90 இலட்சமாகச் சுருக்கிக் கைமாற்றிக் கொண்டே வந்திருக்கிறார்கள். இன்றைய ஆய்வாளர்களின் மதிப்பீடு பெரும்பாலும் 40,000 முதல் 60,000 வரை. அதில் ஆண்களும் உண்டு. கொடுமை குறைந்துவிடவில்லை, என் வரி பொய்யாகிவிட்டது. அடுத்த இதழில் திருத்தம் போட்டேன். அதுமுதல் எந்த நூலையும் பின்னட்டையிலிருந்துதான் திறக்கிறேன்.

திருத்தத்தை நூலுக்குள்ளேயே செய்து காட்டியவர் ஸ்டார்ஹோக் என்ற அமெரிக்கப் பேகன் எழுத்தாளர். 1979இல் வெளிவந்த ‘த ஸ்பைரல் டான்ஸ்’ பத்தாண்டு நிறைவிலும் இருபதாண்டு நிறைவிலும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டபோது, மூலத்தை ஓசைப்படாமல் மாற்றிவிடாமல், புதிய முன்னுரையும் குறிப்புகளும் சேர்த்து, ஆண்–பெண் துருவம் பற்றி முன்பு எழுதியதைத் தாம் இப்போது ஏற்கவில்லை என்று சொன்னார். பழைய ஸ்டார்ஹோக்கும் புதிய ஸ்டார்ஹோக்கும் ஒரே நூலுக்குள் வாதாடுவதைப் படிக்கலாம். இப்படியொரு பதிப்பு கிடைத்தால் விலை பேசாமல் வாங்குங்கள்.

வரலாறு பேசாத உங்கள் மூன்றாவது நூலை நான் குறை சொல்லமாட்டேன். சமையல் நூலில் சோழர் வரலாறு இல்லையென்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் சங்க காலத்துக் குழம்பில் மிளகாய் அரைத்துவிட்டார்கள் என்று அதே சமையல் நூல் சொன்னால் மூடி வைப்போம், ஏனென்றால் மிளகாய் போர்த்துக்கேயரோடு வந்தது. அதுபோலவே, கிறிஸ்துவுக்கு முந்திய அயர்லாந்தில் உருளைக்கிழங்குக்குத் தேவி இருந்தாள் என்று ஒரு நூல் சொன்னால், உருளைக்கிழங்கு 16ஆம் நூற்றாண்டில்தான் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது என்ற ஒன்றே போதும். மூலிகைப் பகுதிக்கு வேறொரு சோதனை உண்டு. பெலடோனா, நாபி போன்றவற்றின் பெயருக்கு எதிரே நஞ்சு என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். மஞ்சள் அலரி விதை எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்று அறிந்த நாட்டில், அந்த ஒரு சொல்லை விட்டுவிட்ட ஆசிரியரிடம் வேறு எந்த ஆலோசனையும் கேட்கத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்: கார்ட்னர் இலங்கையில் இருந்தவர் என்றும், மந்திரங்களை இங்கேதான் கற்றார் என்றும் நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: முற்பாதி உண்மை. 1884இல் பிறந்த கார்ட்னர் 1900ஆம் ஆண்டில், பதினாறு வயதுப் பையனாக இலங்கைக்கு வந்து, தேயிலைத் தோட்டத்திலும் பின்னர் இறப்பர்த் தோட்டத்திலும் வேலை பார்த்தார். 1911இல் போர்னியோவுக்குப் போய், அங்கிருந்து மலாயாவுக்குச் சென்றார். 1936இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய ஆண்டிலேயே மலாய்க் குறுவாளைப் பற்றி அவர் எழுதிய நூலும் வெளிவந்தது; கையால் தொட்டுப் பார்த்த பொருளைப் பற்றி எழுதியது என்பதால் அதற்கு இன்றும் மதிப்பு உண்டு.

பிற்பாதிக்குச் சான்று இல்லை. நண்பருக்கு அதைவிடச் சுவையான ஒன்றைச் சொல்லுங்கள். 1910இல் இதே கொழும்பில், அயர்லாந்துத் தலைமையின்கீழ் இயங்கிய ஸ்பிங்க்ஸ் என்ற ஃப்ரீமேசன் (மறைவான சடங்குகள் கொண்ட சகோதர சங்கம்) சபையில் அவர் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். கண்ணைக் கட்டி அழைத்து வருவது, மூன்று படிநிலைகளில் தீட்சை கொடுப்பது, அமைப்பையே ‘கைவினை’ என்று அழைப்பது எல்லாம் ஃப்ரீமேசன்களிடமும் உண்டு, பின்னாளைய விக்காவிலும் உண்டு. மலைநாட்டுக் கட்டாடியார் யாரோ உபதேசித்ததாகக் கதை கட்டுவதைவிட, கோட்டும் சூட்டும் அணிந்த வெள்ளைத் துரைமாரின் சபையில் அவர் கண்டதை நினைத்துப் பார்ப்பது பொருத்தம். இலங்கை என்றாலே மந்திரம் என்று எழுதும் மேனாட்டு நூல்களில் எனக்கு வரும் சலிப்பு, நம்மவரே அதைப் பெருமையாகத் திருப்பிச் சொல்லும்போது இரட்டிப்பாகிறது.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர்: ஏராளமான அடிக்குறிப்புகள் உள்ள நூலை நம்பலாம் அல்லவா?

பதில்: எண்ண வேண்டாம், இரண்டைத் திறந்து பாருங்கள். மரேயின் நூலிலும் அடிக்குறிப்புக்குப் பஞ்சமில்லை. ஐந்து நூல்கள் ஒரே செய்தியைச் சொல்லி, நான்கும் ஐந்தாவதையே காட்டுமானால், சாட்சி ஒருவர்தான்.

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகி: எழுத்தாளர் தீயவர் என்று பின்னர் தெரியவந்தால், நாம் நேசித்த நூலை என்ன செய்வது? ‘த மிஸ்ட்ஸ் ஒஃப் அவலோன்’ நாவல் ஒரு காலத்தில் எனக்குக் கோயில் போல் இருந்தது.

பதில்: இக்கேள்விக்கு இலகுவான விடை என்னிடம் இல்லை, சகோதரி. மரியன் ஸிம்மர் பிராட்லியின் அந்த நாவல் 1980களில் பல பெண்களைத் தேவி வழிபாட்டின் பக்கம் திருப்பியது. பிராட்லி 1999இல் இறந்தார். 2014இல் அவருடைய மகள், சிறுவயதில் தாய் தன்னைப் பாலியல் வதைக்கு உள்ளாக்கியதாகப் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். பிராட்லியின் முன்னாள் கணவர் சிறுவர் துஷ்பிரயோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இறந்தவர். இதற்குப் பின்னர், அவருடைய மின்னூல்களை வெளியிட்டுவந்த பிரித்தானியப் பதிப்பகமொன்று அவற்றின் வருமானத்தைச் சிறுவர் நல அமைப்புக்குக் கொடுப்பதாக அறிவித்தது.

வரலாற்று நூலென்றால் நான் இரக்கமின்றிப் பிரித்துவிடுவேன்: ஆள் கெட்டவராயினும் பதிவேட்டைச் சரியாகப் பெயர்த்தெழுதியிருந்தால் அந்தப் பக்கம் பயன்படும். ஆனால் பேகன் நூல்களில் பெரும்பகுதி வழிகாட்டி நூல்கள். குருவாக நின்று, இப்படி அமர், இப்படிக் கண்ணை மூடு, உன் உடலை அஞ்சாதே, என்னை நம்பு என்று பேசுகிறவை. அங்கே ஆளையும் எழுத்தையும் பிரித்தெடுக்க இயலாது. தீட்சையின் பெயரால் உடலுறவைக் கோருகின்ற, அல்லது கேள்வி கேட்கிறவளைப் பக்குவமற்றவள் என்கின்ற ஒரு வரி போதும், ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்களுடையது நாவல், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் எரிக்கவும் மாட்டேன், மகளின் வயதிலுள்ள ஒருத்திக்குப் பரிசாகக் கொடுக்கவும் மாட்டேன்.

மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகர்: வெள்ளைக்காரர் தங்கள் பழமையைக் கற்பனை செய்தால் நமக்கென்ன? நம் நூல்கள் அப்படிப்பட்டவை அல்லவே.

பதில்: அப்படியா? முச்சங்கம் 9,990 ஆண்டுகள் நடந்தது என்று இறையனார் களவியல் உரை சொல்கிறது: 4,440, 3,700, 1,850. ஃபொய்க்டின் கணக்கைப் படித்துச் சிரித்தவர்கள் இதையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். அகத்தியர் பெயரால் கிடைக்கும் பாடல்களுள் எத்தனையின் தமிழ், நம் பாட்டனார் காலத்துத் தமிழாகவே இருக்கிறது என்பதைக் காதுள்ளவர் அறிவர்.

ஆனால் பொய்யான பிறப்புச் சான்றிதழோடு வந்தது எல்லாம் பயனற்றதென்றும் சொல்ல முடியவில்லை. யோலோ மோர்கனுக் என்ற வேல்ஸ் நாட்டுக் கற்தச்சர், கிறிஸ்தவத்துக்கு முந்திய பூசகர்களான ட்ரூயிடுகளின் பழைய மரபு என்று தாமே எழுதிய ஏடுகளைக் காட்டி, 1792இல் லண்டனில் ஒரு குன்றின்மேல் புலவர் கூட்டத்தை நடத்தினார். மோசடிதான். ஆயினும் அந்தச் சடங்கு இன்றும் வேல்ஸ் மொழியின் தேசியக் கலைவிழாவில் நடக்கிறது, அங்கே நல்ல கவிஞர்கள் சிறப்பிக்கப்படுகிறார்கள். யோலோவின் ஏட்டை ட்ரூயிடுகளின் வரலாறாகப் படிக்கிறவர் ஏமாறுவார். யோலோவின் கவிதையாகப் படிக்கிறவர் ஏமாறமாட்டார்.

மீண்டும் வெள்ளவத்தை வாசகி, பின்குறிப்பாக: நூல்களோடு, ரூன் எனும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் பொறித்த கற்கள் அடங்கிய ஒரு பையையும் வாங்கினேன். எழுத்து 24, ஆனால் கல் 25, ஒன்றில் எதுவும் இல்லை. அது விதியைக் குறிக்கும் என்று கூட வந்த தாள் சொல்கிறது.

பதில்: ரூன் எழுத்துகளின் பழைய வரிசையில் 24தான் உண்டு. வெற்றுக் கல்லைப் பரப்பியது 1982இல் வந்த ரால்ஃப் புளமின் நூல். அதற்கு முந்திய கல்வெட்டுகளிலோ பாடல்களிலோ அதற்கு இடமில்லை. இதில் கேடொன்றும் இல்லை. ரூன் நூல்களில் நான் அஞ்சுவது வேறொன்றை. கீடோ ஃபொன் லிஸ்ட் என்ற ஆஸ்திரியர் 1908இல் 18 எழுத்துகளாலான ஒரு புதிய வரிசையை வெளியிட்டு, அதை ஆரிய இனப்பெருமையோடு சேர்த்துப் பின்னினார். அந்தச் சரக்கு இன்றும் முலாம் பூசிய புதிய அட்டைகளோடு விற்பனைக்கு வருகிறது. 18 எழுத்துள்ள வரிசையும், தூய குருதி, மூதாதையர் மண் என்ற பேச்சும் ஒரே நூலில் சேர்ந்து வந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கொழும்பிலுள்ள தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பையிலுள்ள வெற்றுக் கல் பையிலேயே இருக்கட்டும். என்றாவது 24இல் ஒன்று தொலைந்தால், அதன் மேல் எழுத்தை வரைந்துகொள்ளலாம்.